மெத்வல்லியின் சிரிப்பு

அது 1931-ஆ, அடுத்த வருஷமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அலெக்ஸாந்திரியாவில் ஊமைப்படம் ஓடிய அந்தத் திரையரங்கில், நடிகை லோரெட்டா கதறி அழும் கட்டத்தில், மெத்வல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது.

மெத்வல்லி எங்கள் தெருவில் துணி தேய்ப்பவர். இருபது வயதில் காய்ச்சல் கண்டு காது போனவர். லோரெட்டா படம் என்றால் மூன்று தடவையாவது முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். அவள் அழும்போது மட்டும் சிரிப்பார்.

"காது கேக்காதவனுக்கே சிரிப்பு வருதுன்னா, என்ன நடிப்புய்யா இது!" பக்கத்திலிருந்த டைரக்டர் ஷுக்ரி எஃபெந்தி பல்லைக் கடித்தார்.

மறுநாள் காலை லோரெட்டாவை வரச் சொன்னார். நானும் போனேன். ஆறு வருஷமாக அவர் அரபியில் கத்துவதை அவளுக்கு இத்தாலிய மொழியில் சொல்வதுதான் என் வேலை.

"இல்யாஸு, இனிமே பேசும் படம்தான். அரபு தெரியாத இந்த மரப்பொம்மையை வெச்சு நான் என்ன பண்ண? ஊருக்குக் கப்பல் ஏறச் சொல்லு. கொஞ்சம் பதமாச் சொல்லு."

அவள் போனால் எனக்கும் வேலையில்லை. பதமான வார்த்தை தேடி நான் வாய் திறப்பதற்குள் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எந்த ஊருக்குய்யா கப்பல் ஏறணும்?" என்றாள், எங்கள் ஊர் அன்ஃபூஷி மீன் சந்தை அரபியில். "நடந்தாலே கால் மணி நேரத்துல எங்க வீடு."

ஷுக்ரி எஃபெந்தியின் காப்பி மேஜையெல்லாம் ஓடியது.

"என் பேரு நபவிய்யா. அப்பா மீன் வித்தவரு. மக நடிக்கிறான்னு தெரிஞ்சா வெட்டிப் போட்டிருப்பாரு. இத்தாலிக்காரின்னா யாரும் விசாரிக்க மாட்டாங்க. தையல்கடை மேடம்கிட்ட அந்தப் பாஷையைக் கத்துக்கிட்டேன். போன மாசம் அப்பா போய்ச் சேர்ந்துட்டாரு. இனி யாருக்குப் பயம்?"

"அப்போ... நான் திட்டினதெல்லாம்?"

"ஒவ்வொண்ணும் புரிஞ்சுது. நீங்க 'ஒட்டகக் கழுத்து'ன்னா, பாவம், இல்யாஸ் அண்ணன் 'அன்னக் கழுத்து'ன்னு மாத்திச் சொல்வாரு. உங்களுக்கு அழுகை சீன்ல அரபியிலேயே திட்டிப் பதில் குடுத்தேன்."

"எனக்குக் கேக்கலையே!"

"கேமரா கடகடங்குது. அழுகை வரணும்னு ஒருத்தன் வயலினைப் போட்டு இழுக்கிறான். எப்படிக் கேக்கும்? என் வாயசைவைப் படிச்சவர் ஒருத்தர்தான். முதல் வரிசைல உக்காந்து சிரிக்கிறாரே, அவரு."

நபவிய்யா பிறகு ஒன்பது பேசும் படங்களில் நடித்தாள். ஷுக்ரி எஃபெந்தி படப்பிடிப்பில் குரல் உயர்த்துவதை விட்டுவிட்டார். நான் துறைமுகத்தில் குமாஸ்தாவானேன்.

மெத்வல்லி அவளுடைய முதல் பேசும் படத்தில் இடைவேளையோடு எழுந்து போனவர், அப்புறம் வரவேயில்லை. ஏன் என்று கேட்டேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"இப்பல்லாம் அவ எழுதிக் குடுத்ததைத்தானே பேசுறா!"