தோல்வி: 9

டீ குடித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன், மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து திரையைப் பார்த்தான். ‘தோல்வி: 9’ என்றது கடைசி வரி. அதற்குக் கீழே ‘சொல்லுங்க தலைவரே’ என்று கர்சர் சாவகாசமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மணி நாலு. ஐந்தரைக்குக் கடற்கரை ஊருக்குப் பஸ். ஏற்கெனவே இரண்டு முறை ரத்தான பயணம்.

“மூணாவது தடவையும் வரலைன்னா நான் அக்கா குடும்பத்தோட போய்க்கிறேன். நீங்க அந்தக் கம்ப்யூட்டர் எடிட்டரோடயே குடும்பம் நடத்துங்க” என்று மனைவி காலையில்தான் அமைதியாகச் சொல்லியிருந்தாள். அவள் கத்தினால் பயமில்லை. அமைதியாகச் சொன்னால் செய்துவிடுவாள்.

மேலாளர் மேடமும் கறாராகச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு எந்த மாடி, எந்த அறை, எத்தனை மணி என்று சொல்கிற மென்பொருளை அவன் எழுதி முடித்திருந்தான். நாளைக் காலையிலிருந்து ஓடப்போகிறது. சோதனையில் தோல்வி பூஜ்யம் என்பதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் லீவுத் தாளில் கையெழுத்து.

அவனை ஆபீஸில் எல்லோரும் எடிட்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். பத்திரிகை ஆசிரியர் என்று நினைத்துவிட வேண்டாம். நிரல் எழுத உதவும் எடிட்டர் என்ற மென்பொருளுக்குள் போனவன், ஏழு வருஷமாக வெளியே வரவில்லை. கடிதம், நாட்குறிப்பு, மளிகைச் சீட்டு எல்லாம் அதற்குள்ளேதான்.

கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடுகிற ஷெல்லும் அதற்குள்ளேயே இருந்தது. அதைப் புது வீடு மாதிரி பார்த்துப் பார்த்து அலங்கரித்து வைத்திருந்தான். ‘பரீட்சை’ என்று அடித்தால் சோதனைகள் ஓடும். ‘கூட்டு’ என்று அடித்தால் குப்பைக் கோப்புகள் ஒழியும். வேலை உருப்படியாக முடிந்தால் ‘சொல்லுங்க தலைவரே’ என்று அடுத்த கட்டளைக்குக் கைகட்டி நிற்கும். சொதப்பினால் ‘போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க’ என்று மானத்தை வாங்கும்.

இந்தப் பெருமையைப் பக்கத்து சீட்டுக்காரன் நாற்பது தடவையாவது கேட்டிருப்பான். “மத்த ஷெல்லெல்லாம் கல்வெட்டு மச்சான். இது சிலேட்டு. வந்த பதிலையே அழிச்சு எழுதலாம்” என்பது அந்தப் பிரசங்கத்தின் கடைசிப் பத்தி. அந்தப் பத்தியை எதற்காவது உபயோகப்படுத்த வேண்டிய அவசியம் எடிட்டருக்கு இதுவரை வந்ததில்லை.

பரீட்சையை மறுபடி ஓட்டினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். எந்த ஒன்பது சோதனைகள் தோற்றன என்று திரையில் மேலே ஏறித் தேடவும் தெம்பில்லை. பக்கத்து சீட்டுக்காரனிடம் யோசனை கேட்கலாமென்றால், அவனோ என்றைக்கும் இல்லாத சிரத்தையாகத் தன் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

மேடத்தின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

எடிட்டர் கர்சரை ஒரு வரி மேலே ஏற்றினான். ஒன்பதை அழித்தான். பூஜ்யம் வைத்தான். ஏழு வருஷத்தில் இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு வியர்த்ததில்லை.

மேடம் குனிந்து பார்த்தார். மனுஷன் சொன்னால் ரெண்டு தடவை யோசிப்பேன், மெஷின் சொன்னால் அப்படியே நம்பிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கடல்பக்கம் போனால் எனக்கும் நாலு சிப்பி பொறுக்கி வாங்க என்று வேறு சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

கிளம்பிவிட்டேன் என்று மனைவிக்குச் செய்தி அனுப்பினான். பதிலாக ஒரு இதயம் வந்தது. கல்யாணமான புதிதில் வந்துகொண்டிருந்தது. நடுவில் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போய்விட்டான்.

அங்கே நின்றுவிட்டான். அவன் கண்முன்னால் முழங்கால் வலிக்காரர் ஒருவர் வந்து நின்றார். நாளைக் காலை மென்பொருள் பேச்சைக் கேட்டு, நாலு மாடி நொண்டி நொண்டி ஏறி, பிரசவ வார்டு வரிசையில் நிற்கிறார். எத்தனையாவது மாசம் என்று நர்ஸ் கேட்கிறாள்.

இது மாதிரி இன்னும் எட்டு பேர்.

திரும்பி நடந்தான். மேடத்தின் மேசையில் லீவுத் தாளை வைத்தான்.

“மேடம், அங்க ஒன்பதுன்னு இருந்துச்சு. நான்தான் அழிச்சுட்டுப் பூஜ்யம் போட்டேன். மெஷின் மேல தப்பில்ல.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். அறையில் எல்லா விசைப்பலகைகளும் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. அவன் பையைத் தரையில் இறக்கிவிட்டு, மனைவியின் எண்ணைத் தேட ஆரம்பித்தான்.

பக்கத்து சீட்டுக்காரன் மெல்ல எழுந்தான். வகுப்பில் ஒண்ணுக்குப் போக அனுமதி கேட்கிறவன் மாதிரி ஒற்றைக் கையைத் தூக்கினான்.

“மேடம், இவன் டீக்குப் போயிருந்தப்போ அதுல பூஜ்யம்தான் வந்துச்சு. விளையாட்டுக்கு ஒன்பது போட்டது நான்.”