வயலில் குனிந்திருப்பவள்

"அது நான்தான்க்கா. தலையில செவப்புத் துணி கட்டியிருந்தது நான்தானே."

"நானுந்தான்டி கட்டியிருந்தேன். முகமா தெரியுது, உன்னுதுன்னு சொல்ல?"

முகம் தெரியவில்லைதான். பாரிஸிலிருந்து வந்த ஓவியர் அறுவடை முழுக்க வரப்பில் உட்கார்ந்து வரைந்த கோதுமை வயல், கொட்டகைச் சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தது. பெரிய வானம், வைக்கோல் போர், தூரத்தில் முதுகு காட்டிக் குனிந்திருக்கும் ஒரு பெண். விரல்நகம் அளவுதான் இருந்தாள். அவளுக்காகத்தான் ரோஸலிக்கும் அவள் ஓரகத்தி மார்த்தாவுக்கும் காலையிலிருந்து சண்டை.

"இருங்க, எம்புருசனையே கேப்போம்" என்று ரோஸலி ஆந்துவானைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். கட்டினவன் தன்னைத்தான் சொல்வான் என்று அவளுக்கு அத்தனை நிச்சயம்.

அவன் படத்துக்குக் கிட்டக்கூடப் போகவில்லை. "இது அண்ணி. இடது கையை இடுப்புல வச்சுக்கிட்டுத்தானே அவங்க குனிவாங்க" என்று சொல்லிவிட்டுக் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

மார்த்தா வாய்விட்டுச் சிரித்தாள். "எங்கொழுந்தன் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ரோஸலிக்கு இப்போது படத்தைப் பற்றிக் கவலையில்லை. தான் எப்படிக் குனிவோம் என்று அவனிடம் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவும் பயமாக இருந்தது. நீங்களாக இருந்தால் கேட்பீர்களா? ஒரு வரி எழுதுங்கள்.