அறுபத்தெட்டுப் பல்

மேஜைமேல் கிடந்த பல்சக்கரத்தை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தான் டோர்கெல். செத்த எலியைத் தொட்டவன் மாதிரி விரலைத் துடைத்துக்கொண்டான்.

"என்னடா கண்றாவி இது?"

"பின்சக்கரத்துக்கு" என்றான் ஈவெர்ட். "அறுபத்தெட்டுப் பல்லு."

"முன்னால?"

"பதினாலு."

டோர்கெல் முகத்தைச் சுளித்தான். சொந்தமாக வண்டி கட்டுகிறவன் வாயிலிருந்து இதைவிடக் கேவலமான பதில் வராது. முன்னால் சின்னது, பின்னால் பெரியது என்றால் இழுவை இருக்கும், வேகம் இருக்காது. என்ஜின் தொண்டை கிழியக் கத்தும், வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்.

அதுவும் எந்த வண்டிக்கு? நடுக்கோடைத் திருநாளுக்கு இருவரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் நார்வேயின் வடமுனைவரை போவதென்று போன வருடமே பேச்சு. யூஸ்டால் ஊர் இடுப்பளவு பனியில் புதைந்து கிடந்த இத்தனை மாதமும், அந்தப் பயணத்தை நினைத்துத்தான் டோர்கெல் காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் வண்டி தயார். ஈவெர்ட் வண்டிக்கு இன்னும் சக்கரமே சுற்றவில்லை.

"இதுக்கு ரெண்டு மாட்டைப் பூட்டிக்க. பெட்ரோலாவது மிஞ்சும்."

"முதல் கியர்ல, கிளட்சும் பிடிக்காம, ஆக்ஸிலேட்டரும் முறுக்காம, மனுஷன் நடக்கிற வேகத்துல போகணும். கணக்குப் போட்டுத்தான் எடுத்தேன்."

"நடக்கிற வேகமா? அப்ப நடந்தே போய்த் தொலையேன்."

ஈவெர்ட் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். இந்தக் குளிர்காலம் முழுக்க இப்படித்தான், நின்று வேலை செய்தால் ஆகாது அவனுக்கு. சோம்பேறி ஆகிவிட்டான் என்று டோர்கெலுக்கு அதிலும் ஓர் எரிச்சல்.

கராஜ் கதவு திறந்தது. ஈவெர்ட்டின் மனைவி குன்வோர் ஒரு கையில் கைத்தடி, மறு கையில் காபியும் பன்னும் வைத்த கூடையுமாக வந்தாள். அறுவைசிகிச்சை செய்த முழங்கால், வாசலிலிருந்து மேஜைக்கு வருவதற்குள் காபியே ஆறிவிடும் போலிருந்தது. பல்சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவன் லேசாகத் தலையை ஆட்டினான். கூடையை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தபடியே மெல்லத் திரும்பிப் போய்விட்டாள்.

ஓகோ, இது இவள் வேலையா என்று நினைத்துக்கொண்டான் டோர்கெல். பன்னைக் கடித்தான். அருவருப்பு வேறு, ஏலக்காய் பன் வேறு.

"இது என்ன கூத்து?" வண்டியின் வலப்பக்கம் புதிதாகப் பொருத்தியிருந்த சைடு காரைக் காலால் தட்டினான். இருக்கை இல்லை, முன்கண்ணாடி இல்லை. நீளமாக ஒரு பலகையும், கட்டுவதற்கு நாலு வாரும்தான். "எல்க் மான் ஏத்தவா?"

"சுமைக்குத்தான். எல்லாம் சேர்த்து நூத்திமுப்பது கிலோ வரும்."

"நூத்திமுப்பது கிலோவுல எல்க்கா? அது குட்டிடா. குட்டியச் சுட்டுட்டு, வெக்கமில்லாம ஊருக்குள்ள வேற ஏத்திட்டு வருவியா?"

ஈவெர்ட் மேஜைக்கடியிலிருந்து இரண்டு இரும்புத் தண்டுகளை எடுத்து வைத்தான். ஒன்று ஒல்லி, ஒன்று தடி.

"கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற ஷாஃப்டுக்கு இந்தத் தடியனைக் கடைஞ்சு குடு. சுமையோட மெதுவா இழுக்கும்போது முறுக்கிக்கக் கூடாது. நடுவழியில நின்னுட்டா மானம் போயிடும்."

"என் லேத்துல இந்த அசிங்கத்தை ஏத்த மாட்டேன். நாளைக்கு ஊர்ல டோர்கெல் கடைஞ்சதுன்னு சொல்லிச் சிரிப்பாங்க."

"வேற யார்கிட்டயும் குடுக்க எனக்கு மனசில்ல. சீக்கிரம் வேணும்டா."

டோர்கெலுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பல்சக்கரத்தைத் தூக்கிப் பழைய இரும்புத் தொட்டிக்குள் எறிந்தான். சத்தம் தகரக் கூரைவரை போய் வந்தது.

"இந்தக் கட்டை வண்டிக்குப் பின்னால வடமுனை வரைக்கும் உருட்டிக்கிட்டு வர என்னால முடியாது."

"நீ பின்னால வர வேண்டாம்."

"பயந்துட்டேன்னு சொல்லு. பொண்டாட்டி பேச்சைக் கேட்டு, சாகப் பயந்துட்டேன்னு வாயைத் திறந்து சொல்லு. அப்பவாவது உன்னை மனுஷனா மதிப்பேன். த்தூ, உன்னைப் பார்க்கவே அருவருப்பா இருக்கு."

ஈவெர்ட் மெதுவாக எழுந்தான். தொட்டிக்குள் கைவிட்டுப் பல்சக்கரத்தை எடுத்து, சட்டைக் கையால் துடைத்து, தடித்த ஷாஃப்டின் பக்கத்தில் வைத்தான். போன வருடம் வயிற்றில் இறுக்கிப் பிடித்த அதே சட்டை, இப்போது தோளிலிருந்தே தொங்கியது.

பிறகு சைடு காரின் பலகையில் ஏறி, மல்லாந்து படுத்து, காலை நீட்டினான். குதிகால் பலகையின் ஓரத்துக்குச் சரியாக வந்து நின்றது.

"எழுந்திருடா. என்ன விளையாட்டு இது?"

ஈவெர்ட் கூரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"கல்லறை வரைக்கும் நீதான்டா ஓட்டணும். குன்வோர் பின்னால நடந்து வருவா, பார்த்து மெதுவாப் போ."