ஒன்பது மணி டப்பா

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: பெரியவர், அவருடைய மகன், மருமகள், மூன்று வயதுப் பேரன், ஆய்வுக்கூடத்து நர்ஸ். ஜன்னலுக்கு வெளியே துணி உலர்த்துவதுபோல் நின்ற பக்கத்து வீட்டம்மாளைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

"ஐயா, உங்க பேரன் குடல்ல இருக்கிற கிருமி எட்டு ஆன்டிபயாடிக்ல ஏழுக்கு மசியல" என்றார் நர்ஸ்.

பேரன் சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

நோயில்லாத குழந்தைகளின் மலத்தை டப்பாவில் வாங்கிச் சோதிக்கும் ஆய்வு அது. பிள்ளை இதுவரை ஆன்டிபயாடிக் சாப்பிட்டதே இல்லை என்று கையெழுத்துப் போட்டவள் மருமகள். தெருவில் பத்து வீடுகளை அதில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். மருந்தே தொடாத குழந்தைகளிடமும் ஒன்றிரண்டு மருந்துக்கு அடங்காத கிருமி இருப்பதுண்டாம். ஏழு என்பதுதான் நர்ஸுக்குப் புரியவில்லை.

"வருஷக்கணக்கா மாத்திரை பார்த்த வயிறு மாதிரி இருக்கு."

மகன் மனைவி பக்கம் திரும்பினான். "எனக்குத் தெரியாம ஏதாவது குடுத்தியா?"

"ஒரு சொட்டு குடுக்கல. இனிமே தெருவுல யாரு என்னை நம்புவாங்க?" அவள் கண் கலங்கிவிட்டது.

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். சொன்னபடி ஒன்பது மணிக்கு டப்பாவைக் கொடுத்த ஒரே வீடு இதுதான் என்பதை நர்ஸுக்கு நினைவூட்டினார். மற்ற வீடுகளுக்கு மூன்று நடை நடந்ததை நர்ஸும் ஒப்புக்கொண்டார். அதற்குள் பெரியவருக்குத் தும்மல் வந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து விழுங்கி, மீதி அட்டையை அடுத்த தும்மலுக்குப் பத்திரப்படுத்தினார்.

நர்ஸின் பார்வை அட்டையிலேயே நின்றது. "ஐயா, அது ஆன்டிபயாடிக். யாரு எழுதிக் குடுத்தாங்க?"

"மருந்துக்கடைக்காரர்தான். இருபது வருஷப் பழக்கம். ரெண்டு போட்டா நின்னுடும், அப்புறம் நிறுத்திடுவேன்."

"தாத்தாதான்..." என்று ஆரம்பித்தான் பேரன். பெரியவர் அவன் வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்தார்.

மகன் இப்போது அப்பாவைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு துணி மூன்றாவது முறையாக உதறப்பட்டது.

பெரியவர் எழுந்து நின்றார். "என் மருமக பொய் சொன்னதே இல்ல. அவளைச் சந்தேகப்பட்டா இந்த வீட்டையே சந்தேகப்பட்ட மாதிரி. புது டப்பா ஒண்ணு குடுங்கம்மா. மணி மட்டும் குறிக்காதீங்க."

மறுநாள் மாலை, பேரனுக்குத் தோன்றிய நேரத்தில், புது டப்பா போனது. வந்த முடிவில் எட்டு மருந்துக்கும் கிருமி அடங்கியிருந்தது. மருமகள் அந்தத் தாளைப் பத்து வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினாள். பெரியவர் சட்டைப்பையை மருமகளிடம் ஒப்படைத்துவிட்டார்.

பெரியவர் தன் மாத்திரையைப் பேரனுக்கு ஊட்டினார் என்று தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். முதல் நாள் ஒன்பது மணிக்குப் பேரனுக்கு வரவில்லை; வீட்டின் வாக்குத் தவறக் கூடாதென்று, கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த டப்பாவை நிரப்பியவர் பெரியவர்.