அத்திப்பள்ளி ட்ராஃபிக்

“அத்திப்பள்ளில செம ட்ராஃபிக் ஹீனா. வண்டி நகரவே மாட்டேங்குது. இன்னும் அரை மணி நேரம் ஆவும்.”

ஓசூர் தர்கா பஸ் ஸ்டாப்புக்கு எதிரே உள்ள பேக்கரியில், பிளாஸ்டிக் ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி ஃபைஸான் போனில் சொன்னான். கையில் ஆவி பறக்கும் டீ. தட்டில் பாதி தின்ற தில்பசந்த்.

“சரிங்க. பாத்து மெதுவா வாங்க” என்றாள் அவன் மனைவி. அவளுக்குப் பின்னால் டிவி ஓடும் சத்தம் கேட்டது.

அங்கிருந்து பைக்கில் பத்தே நிமிடத்தில் வீடு.

எல்லை தாண்டி கர்நாடகாவுக்கு வேலைக்குப் போய்வருகிற ஓசூர்க்காரர்களுக்கு ஆண்டவன் கொடுத்த வரம், எல்லைச் சாவடி இருக்கும் அத்திப்பள்ளி. தாமதமாக வருகிற எவனும் அதன் தலையில் பழியைப் போடலாம். யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

இது ஐந்து மாதப் பழக்கம். கம்பெனியில் மன அழுத்தம் பற்றி வகுப்பெடுக்க வந்த ஒரு அம்மாதான் ஆரம்பித்து வைத்தார். வேலைச் சூட்டை அப்படியே வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள், வழியில் எங்காவது பத்து நிமிடம் நின்று மூச்சு விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

ஃபைஸானுக்கு அளவெடுத்துச் சொன்னது மாதிரி இருந்தது. குவாலிட்டி செக்கிங் என்பது இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. ஒரு லாட் சரக்கைத் திருப்பி அனுப்பினால் புரொடக்‌ஷன்காரர்கள் திட்டுவார்கள். விட்டுவிட்டால் கஸ்டமர் திட்டுவார். அத்தனையையும் சுமந்துவந்து ஹீனா மேல் எரிந்து விழுந்த நாட்கள் உண்டு.

பேக்கரியில் நிற்க ஆரம்பித்த பிறகு எரிந்து விழுவதில்லை. அது உண்மை.

பத்து நிமிடம் இருபதாகி, இருபது நாற்பதானதும் உண்மை.

சொல்லிவிட்டே செய்திருக்கலாம். முதல் நாள் சொல்ல வெட்கமாக இருந்தது, ட்ராஃபிக் என்றான். இரண்டாம் நாளிலிருந்து நாக்கு தானாகவே சொல்லிக்கொண்டது.

வீட்டில் அவனைப் பெற்ற அத்தா மெஹபூப் பாஷா பக்கவாதம் வந்து படுத்துப் பத்து மாதம் ஆகிறது. தனியாக விட்டால் எழுந்திருக்கப் பார்த்து விழுந்துவிடுவார். கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் ஹீனாதான். சாயங்காலம் ஃபைஸான் வந்து உட்கார்ந்தால்தான் அவள் அந்த அறையை விட்டு நகர முடியும்.

அது தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தான்.

உள்ளே தேங்காய்ப்பூவும் டூட்டி ஃப்ரூட்டியும் வைத்த தில்பசந்த் என்றால் ஹீனாவுக்கு உயிர். கல்யாணமான புதிதில் வாரம் தவறாமல் வாங்கிப் போவான். இந்த ஐந்து மாதமாக ஒரு துண்டுகூட வாங்கிப் போகவில்லை. ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டவனுக்கு தில்பசந்த் எங்கிருந்து கிடைக்கும்?

கடைக்காரர் கோவிந்தப்பன் கன்னடச் செய்தியின் சத்தத்தைக் கூட்டினார்.

இன்று கர்நாடகாவில் பந்த்.

திரையில் அத்திப்பள்ளி. லாரி இல்லை, பஸ் இல்லை, கார் இல்லை. அத்தனை பெரிய சாலையின் நடுவில் ஒரு நாய் மட்டும் கால் நீட்டிப் படுத்திருந்தது.

ஃபைஸான் ஸ்டூலிலிருந்து சட்டென்று எழுந்தான். டூவீலர்காரர்கள் மட்டும் வேலைக்கு வந்தால் போதும் என்று காலையில் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்ததே! கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே சாலையில்தானே வந்தான்! கஸ்டமரிடமிருந்து அன்று திரும்பி வந்த லாட்டை நினைத்துக்கொண்டே ஓட்டியதில் சாலை காலியாக இருந்தது மண்டையில் ஏறவில்லை. நாக்கு தன் வேலையைப் பார்த்துவிட்டது.

அத்தாவுக்கு நாள் முழுக்க அந்தச் செய்திச் சேனல்தான் ஓட வேண்டும். போனில் ஹீனாவுக்குப் பின்னால் கேட்டதும் அதுதான்.

பைக்கை விரட்டினான். வழியெல்லாம் சமாதானம் ஜோடித்தான். டயர் பஞ்சர். மேனேஜர் பிடித்துக்கொண்டார். எதுவும் ஒட்டவில்லை.

வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. நாய் இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஹீனா அத்தாவுக்குத் துணி மாற்றி முடித்து, நனைந்த விரிப்பை வாளியில் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் விளிம்பில் ஒரு டம்ளர் டீ, ஆடை படிந்து இருந்தது. காலையில் அவன் கிளம்பும்போது அவள் தனக்கென்று ஊற்றி வைத்தது.

அவள் கத்தியிருந்தால் தேவலை. அவனுக்கு அது வேண்டியிருந்தது. அவள் கத்தவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். அவன் சட்டைப் பையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிவப்பு டூட்டி ஃப்ரூட்டி ஒன்றை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“உங்க சட்டைய தெனமும் நான்தானங்க துவைக்கிறேன்.”

ஃபைஸானுக்கு அந்த ஐந்து மாதச் சட்டைகளும் கண்முன் வந்தன. ஒவ்வொரு சாயங்காலமும் அவள் சொன்ன ‘மெதுவா வாங்க’வும் ஞாபகம் வந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஹீனா அத்தாவின் தலையணையைச் சரிசெய்தாள். டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்:

“நாளைக்கு எனக்கு ஒரு அரை மணி நேரம் ட்ராஃபிக் வேணுங்க.”