பத்தாயிரத்து ஏழு

தினமும் காலையில் முகாம் வாசலில் ஓர் எண்ணை வாசிப்பார்கள். சட்டையில் தைத்திருக்கும் எண் அதனால் மீதியின்றி வகுபட்டால் பேருந்தில் ஏறிவிட வேண்டும். முதல் நாள் இரண்டு. பத்தாயிரத்துச் சொச்சம் பேரில் பாதி காலி. பிறகு மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களாக வரிசையாக. பேருந்து எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியாது. போனவர்கள் திரும்பவில்லை.

கணக்கு டீச்சராக இருந்த வசுமதியின் எண் 10,007. மண்ணில் குச்சியால் வகுத்து வகுத்துப் பார்த்தாள். எதிலும் வகுபடவில்லை.

பக்கத்துப் பாயில் கைக்குழந்தையோடு இருந்த செல்லக்கிளி கேட்டாள். "என்னோடது பத்தாயிரத்து ஒண்ணு. தப்பிச்சிருவேனா டீச்சர்?"

"எழுபத்தி மூணு வாசிக்கிற அன்னிக்கு நீ போகணும்."

"சட்டைய மாத்திக்கலாமா? புள்ள இருக்கு எனக்கு."

வசுமதி மண்ணில் போட்ட கணக்கைக் காலால் அழித்தாள்.

இருபத்தொன்றாம் நாள் எழுபத்துமூன்று. செல்லக்கிளி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினாள். வசுமதியைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தைந்தாம் நாள் தொண்ணூற்றேழு. அதன்பின் எதிலும் வகுபடாதவர்கள் மட்டுமே மிஞ்சினார்கள்.

மறுநாள் எண் வாசிக்க யாரும் வரவில்லை. பேருந்து நிற்கும் இடத்தில் ஒரு லாரி செங்கல் இறக்கிக்கொண்டிருந்தது. கொத்தனார் ஒருவர் வாசலை அடைத்துச் சுவர் எழுப்ப அதன் அகலத்துக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தார்.