அடுப்புப் பரணில் ஒரு லேப்டாப்

லேப்டாப்பின் வயிறு உப்பியிருந்தது.

கீபோர்டு நடுவில் மேடு தட்டி, மூடி மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மேசையில் வைத்தால் ஒரு பக்கமாக ஆடியது.

"அந்தக் குழவிக் கல்லத் தூக்கி மேல வையி. அமுங்கிரும்" என்றாள் அம்மா.

திட்ட வாய் வரை வந்தது. இந்த வேலையைச் செய்தவளே அவள்தான்.

சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளில் எல்லாவற்றுக்கும் எதிரி ஈரம். துணி பூசணம் பூக்கும், தீப்பெட்டி நமுத்துப்போகும். அதனால் காய வேண்டியதெல்லாம் எங்களுக்கு அடுப்புக்கு மேலே இருக்கும் பரணுக்குத்தான் போகும். விறகு, மிளகாய், என் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள். மழை தொடங்கியதிலிருந்து தினமும் நான் படுத்த பிறகு, அம்மா என் லேப்டாப்பையும் துண்டில் சுற்றி அங்கேயே ஏற்றியிருக்கிறாள். கீழே கங்கு, மேலே பேட்டரி.

"ஈரத்துல கெட்டுறக் கூடாதுன்னுதான தாயி வச்சேன்."

இதற்குமேல் எங்கே திட்டுவது.

இந்த மாதிரி விஷயத்தில் எனக்குக் கை நடுங்காது. சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, குப்புறப் போட்டு, அடிமூடியின் திருகுகளைக் கழற்றினேன். பேட்டரி குட்டித் தலையணை மாதிரி புடைத்திருந்தது. கத்தி கித்தி எதையும் கிட்டே கொண்டுபோகவில்லை. ஓட்டை விழுந்தால் தீப்பிடித்துக்கொள்ளும். அதன் ஒயரை மெல்ல உருவி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய், வெளியே மழை படாத மூலையில் மணல் போட்டு வைத்திருந்த பக்கெட்டில் இறக்கினேன். அம்மா பின்னாலேயே "பாத்து, பாத்து" என்று பாடிக்கொண்டு வந்தாள். பேட்டரி வெடிக்கும் என்று கேள்விப்பட்ட பயத்தில் அவள் அன்று கொளுந்து எடுக்கவே போகவில்லை.

மூடியைப் பூட்டி சார்ஜரைச் செருகினேன். லேப்டாப் எழுந்துகொண்டது. பேட்டரி இல்லாவிட்டால் என்ன, கரண்ட் இருக்கிறவரை ஓடும்.

கரண்ட் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் கொச்சிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். வேலை கேட்டு வருபவர்களை வீடியோவில் இண்டர்வியூ செய்து ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. இந்த மழையில் ஏற்கெனவே என் பக்கம் இணைப்பு அறுந்து இண்டர்வியூ நின்றிருக்கிறது. இன்னொரு தடவை நின்றால் மூட்டை கட்டிக்கொண்டு கொச்சிக்கு வந்து ஆபீஸில் உட்கார வேண்டும் என்று மேனேஜர் ஸ்ரீஜித் சார் சொல்லிவிட்டார். அப்பா இல்லாத வீடு. யானை இறங்குகிற லயத்தில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கேயும் போவதாக இல்லை.

கம்பெனி விதி ரொம்பச் சுருக்கம். என் இணைப்பு முதலில் அறுந்தால் தப்பு என்னுடையது, வந்தவருக்கு வேறு நாள் கொடுப்பார்கள். வந்தவருடைய இணைப்பு முதலில் அறுந்தால் அவரை மறுபடி கூப்பிடவே மாட்டார்கள். எது முதலில் என்பதைக் கம்ப்யூட்டரே குறித்துவிடும். யாரும் போய்க் கெஞ்ச முடியாது.

"இன்னைக்கும் கரண்ட் போயிருச்சுன்னா?" என்றாள் அம்மா. "அதெல்லாம் ஒண்ணும் போகாதும்மா" என்றேன். லைன்மேன் ஜோமோனிடமும் கேட்டுவிட்டேன். இன்று என் பக்கம் ஒரு குறையும் வராது என்று அடித்தே சொன்னேன்.

திரையில் தனபால் வந்தான். வேலை கேட்டு வந்தவன், ஊர் ஏலப்பாறை. சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தான். அவன் வீட்டுத் தகரக் கூரையில் மழை கொட்டுகிற கொட்டில் பாதிப் பேச்சு காதிலேயே விழவில்லை.

"சத்தத்துக்கு மன்னிச்சிருங்க மேடம். லயத்துல வேற இடம் இல்ல."

பரவாயில்லை, பேசுங்கள் என்றேன்.

போனில் கஸ்டமர் கண்டபடி திட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிக்கிற கேள்வி அது.

"திட்டி முடிக்கட்டும்னு விட்டுருவேன் மேடம். முடிச்சதும் அவங்களுக்கே ஒரு மாதிரி ஆயிரும். அப்ப பேசுனா கேப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையன் தேறிவிட்டான். கடைசிக் கேள்வியைக் கேட்டேன். அவன் பதில் சொல்ல வாயெடுத்தான்.

அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் போனது. அடுத்த நொடி படம் அப்படியே உறைந்தது. மழைச் சத்தமும் நின்றது.

லயத்தில் வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஏலப்பாறையில் கரண்ட் போய்விட்டது.

திரையின் மூலையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அது நின்றதும் அவன் இணைப்புதான் முதலில் அறுந்தது என்று குறித்து, அவன் பெயர் சிவப்பாகிவிடும். அதோடு அவனுக்கு இந்தக் கம்பெனி இல்லை. மழை பெய்ததற்கு இவன் என்ன செய்வான்.

வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

கையை நீட்டி, சுவரிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினேன். பேட்டரி இல்லாத லேப்டாப், பொட்டென்று அணைந்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஸ்ரீஜித் சார்.

"எந்தா சிவசங்கரி, மறுபடியும் கரண்ட் போச்சா?"

"ஆமா சார். எங்க பக்கம்தான் போச்சு. அந்தப் பையனுக்கு வேற நாள் குடுத்துருங்க."

அவர் பெருமூச்சு விட்டார். கொச்சியில் பெண்கள் ஹாஸ்டல் விவரத்தை அனுப்புவதாகச் சொன்னார். சரி சார் என்றேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மூடுபனிக்காகப் பகலிலேயே போட்டு, இன்னும் எரிந்துகொண்டிருந்த பல்பை நிமிர்ந்து பார்த்தாள்.

எழுந்து போய் அதை அணைத்தாள்.